மார்கரெட் போர்க்-வைட்

மார்கரெட் போர்க்-வைட் (ஜூன் 14, 1904 – ஆகஸ்ட் 27, 1971) ஓர் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர், இதழியலாளர், போர்ச் செய்தியாளர், நூலாசிரியர் ஆவார். லைஃப் இதழ் 1936 இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் நான்கு ஒளிப்படக் கலைஞர்களுள் ஒருவராக இருந்தார். அவ்விதழின் முதல் அட்டைப்படம் இவர் எடுத்ததே. 1946 முதல் 1948 வரை இருமுறை இந்தியாவுக்கு வந்து தங்கிப் படமெடுத்தார். காந்தி இராட்டையின் அருகே அமர்ந்து படிக்கும் படமும், இந்தியப் பிரிவினையின்போது மக்கள் இடம்பெயர்ந்த படங்களும் உலகெங்கும் அறியப்பட்டவை. 1946 இல் சென்னை மாகாணத்தில் பஞ்சப் பகுதிகளையும் தோல் பதனிடும் தொழிற்கூடங்களையும் இவர் படமெடுத்தார் என்பது தமிழ் வாசகர்களிடையே அவ்வளவாக அறியப்படாத செய்தியாகும்.

இளமையும் கல்வியும்

மார்கரெட் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்து, நியூ ஜெர்சி மாநிலத்தின் பவுண்ட் புரூக்கில் வளர்ந்தார். தந்தை ஜோசப் வைட் போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அச்சு இயந்திரங்களை வடிவமைத்த பொறியாளர். தாய் மின்னி போர்க் அயர்லாந்து வழிவந்தவர். தந்தை அவ்வப்போது மகளைத் தொழிற்சாலைகளுக்கு அழைத்துச் சென்று உலோகம் உருக்கி வார்க்கப்படுவதைக் காட்டியதுண்டு. பின்னாளில் ஆலைகளின் மீது மார்கரெட் கொண்ட ஈடுபாட்டின் வேர் இதுவே எனலாம்.

1922 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஊர்வன பற்றிய படிப்பில் சேர்ந்தார். அங்கு கிளாரன்ஸ் வைட் என்னும் புகழ்பெற்ற ஒளிப்பட ஆசிரியரிடம் சிறிது காலம் பயின்றார். தந்தையின் மறைவால் குடும்பம் பொருளாதார நெருக்கடிக்கு உள்ளாகவே, பல கல்லூரிகள் மாறி 1927 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1924 இல் எவரெட் சாப்மன் என்பவரை மணந்து இரண்டு ஆண்டுகளில் பிரிந்தார். அதன் பின்னர் தாயின் குடும்பப் பெயரான போர்க்கைத் தன் பெயரில் சிறுகோடிட்டு இணைத்துக்கொண்டார்.

ஆலைகளிலிருந்து மனிதர்களுக்கு

கிளீவ்லாந்து நகரில் கூடம் அமைத்து, கட்டடங்களையும் ஆலைகளையும் படமெடுக்கத் தொடங்கினார். அந்நகரின் ஓட்டிஸ் எஃகு ஆலையில் எடுத்த படங்களே இவருக்கு முதலில் பெயர் தேடித்தந்தன. உருகிய எஃகின் செந்நிற ஒளியை அக்காலக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள் சரிவரப் பதிவு செய்வதில்லை. எனவே மக்னீசியம் தீவட்டிகளைக் கொளுத்தி அவற்றின் வெண்ணிற ஒளியில் படமெடுத்தார். ஆலைக்குள் பெண் ஒருவர் நுழைவதே வியப்பாகப் பார்க்கப்பட்ட காலம் அது.

இப்படங்களைக் கண்ட ஹென்றி லூஸ், தான் தொடங்கவிருந்த ஃபார்ச்சூன் இதழுக்கு 1929 இல் இவரைப் பணியமர்த்தினார். 1930 இல் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்ற இவர், அந்நாட்டின் ஆலைகளைப் படமெடுக்க அனுமதிக்கப்பட்ட முதல் மேலைநாட்டு ஒளிப்படக் கலைஞராகக் கருதப்படுகிறார். இக்காலப் படங்களில் இயந்திரமே நாயகன். மனிதர்கள் அளவு காட்டுவதற்காக நிறுத்தப்பட்டவர்கள் போலவே காணப்படுவர்.

இந்த நிலை 1934 இல் மாறியது. கடும் வறட்சியால் அமெரிக்கச் சமவெளியில் மண் புழுதியாகிப் பறந்த ஆண்டு அது. ஃபார்ச்சூன் இதழுக்காக அங்கு சென்ற மார்கரெட், நிலமிழந்து நின்ற உழவர்களின் முகங்களைப் படமெடுத்தார். பின்னர் எழுத்தாளர் எர்ஸ்கின் கால்டுவெல்லுடன் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பயணம் செய்து, குத்தகை உழவர்களின் வாழ்வைப் பற்றிய யூ ஹேவ் சீன் தேர் ஃபேசஸ் என்னும் நூலை 1937 இல் வெளியிட்டார். அதே ஆண்டு லூயிவில் நகர வெள்ளத்தின்போது எடுத்த படம் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. செல்வச் செழிப்பான வெள்ளையர் குடும்பம் மகிழுந்தில் செல்லும் விளம்பரப் பலகையின் கீழே, நிவாரணப் பொருளுக்காகக் கறுப்பின மக்கள் வரிசையில் நிற்பதை அப்படம் காட்டுகிறது. கால்டுவெல்லை 1939 இல் மணந்த இவர் 1942 இல் மணவிலக்குப் பெற்றார்.

போர்க்காலம்

1941 இல் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியபோது மார்கரெட் மாஸ்கோவில் இருந்தார். நகரின் மீது குண்டு வீசப்படுவதைப் படமெடுத்தார். 1942 டிசம்பரில் வட ஆப்பிரிக்காவுக்குச் சென்ற இவரது கப்பல் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்டு மூழ்கியது. உயிர்காப்புப் படகில் தப்பினார். அடுத்த மாதமே அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் பறந்து படமெடுத்தார். 1945 ஏப்ரலில் புக்கன்வால்டு வதைமுகாமுக்குள் அமெரிக்கப் படையுடன் நுழைந்து, அங்கு உயிரோடிருந்தவர்களையும் பிணக்குவியல்களையும் பதிவு செய்தார். கண்முன் கண்டதற்கும் தனக்கும் இடையே ஒரு திரை போலப் படக்கருவி இருந்ததால்தான் அங்கு பணியாற்ற முடிந்தது எனப் பின்னர் எழுதினார்.

இந்தியாவில்

1946 இன் தொடக்கத்தில் லைஃப் இதழ் இவரை இந்தியாவுக்கு அனுப்பியது. ஆங்கிலேயர் வெளியேறப் போவது உறுதியாகிவிட்ட நேரம் அது. காந்தி, நேரு, ஜின்னா, அம்பேத்கர் எனத் தலைவர்கள் பலரையும் படமெடுத்தார்.

காந்தியின் இராட்டைப் படம் எடுக்கப்பட்ட கதை பலமுறை சொல்லப்பட்டது. படமெடுக்கும் முன் நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று காந்தியின் உதவியாளர்கள் நிபந்தனை விதித்தனர். காந்தி அன்று மௌன விரதத்தில் இருந்தார். கண்கூசும் வெளிச்சம் அவருக்குப் பிடிக்காது என்பதால் மூன்றே மின்வெட்டு விளக்குகள் அனுமதிக்கப்பட்டன. முதல் இரண்டு முயற்சிகள் வீணாயின. மூன்றாவதில் கிடைத்ததே இன்று நாம் காணும் படம். காந்தி அதில் நூற்கவில்லை, செய்தித்தாள் நறுக்குகளைப் படித்துக்கொண்டிருக்கிறார். இராட்டை முன்னால் நிற்கிறது. 1948 இல் காந்தி கொல்லப்பட்ட பின்னரே இப்படம் பெரும் புகழ் பெற்றது.

அவ்வாண்டு தென்னிந்தியாவில் பஞ்சம் மூளும் அறிகுறிகள் தோன்றியிருந்தன. 1945 இல் பருவமழை பொய்த்ததால் சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களிலும் மைசூர் சமஸ்தானத்திலும் பயிர்கள் கருகின. வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்பஞ்சத்தைப் படமெடுத்துப் பெயர்பெற்ற இளம் இந்திய ஒளிப்படக் கலைஞர் சுனில் ஜானா (1918–2012) தென்னிந்தியப் பயணத்தில் மார்கரெட்டுடன் சென்றார். ஜானா அப்போது பொதுவுடைமைக் கட்சியின் ஏட்டுக்குப் படமெடுத்து வந்தார். ஒரே கிராமத்தில் இருவரும் அருகருகே நின்று எடுத்த படங்கள் உள்ளன. ஜானாவின் படங்களில் பசித்தோர் பெரும்பாலும் அன்றாட வேலைக்கு நடுவே காணப்படுகின்றனர். மார்கரெட்டின் படங்களில் அவர்கள் கீழிருந்து பார்க்கப்பட்டு, வானத்தின் பின்னணியில் சிலைகளைப் போல நிற்கின்றனர். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒளிப்படம் பயிலும் மாணவர்களுக்கு மிகுந்த பயன் தரும்.

சென்னை மாகாணப் பஞ்சம் படமாக்கப்பட்டது இது முதன்முறையன்று. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, எலும்பும் தோலுமான மக்களை வரிசையாக அமர்த்திப் படமெடுத்தார். படத்துக்காக அவர்களை அவ்வாறு அடுக்கிய முறை கடுமையாக விமர்சிக்கப்பட்டு வந்துள்ளது. ஹூப்பரின் படங்கள் தனிப்பட்டோரின் தொகுப்பேடுகளுக்குச் சென்றன. மார்கரெட்டின் படங்களோ பல இலட்சம் படிகள் விற்ற வார இதழில் அச்சாகின. உணவு உதவி பற்றிய முடிவுகள் எடுக்கப்பட்ட நாட்டில் அவை வாசிக்கப்பட்டன என்பது சிறிய வேறுபாடன்று.

தோல் தொழிற்கூடங்களின் படங்கள்

தீண்டாமை பற்றிய தன் பணியின் ஒரு பகுதியாக மார்கரெட் சென்னை வட்டாரத்தின் தோல் பதனிடும் தொழிற்கூடங்களுக்குச் சென்றார். அங்கு வேலை செய்த தாழ்த்தப்பட்ட சாதிக் குழந்தைகளைப் படமெடுத்தார். சுண்ணாம்பு நீரில் ஊறிய தோல்களுக்கிடையே நின்று உழைக்கும் மெலிந்த சிறுவர்களை இப்படங்கள் காட்டுகின்றன. 1949 இல் வெளிவந்த ஹாஃப்வே டு ஃப்ரீடம் என்னும் இவரது இந்திய நூலில் இக்குழந்தைகளின் உழைப்பைப் பற்றியும் எழுதியுள்ளார்.

இப்படங்களைப் புரிந்துகொள்ள அக்காலத் தோல் தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். சென்னை மாகாணத்தின் தோல் தொழில் முதன்மையாக மூன்று இடங்களில் திரண்டிருந்தது. முதலாவது, அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் பாலாற்றை ஒட்டிய வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஊர்கள். இரண்டாவது, சென்னையும் அதன் புறநகரான பல்லாவரம், குரோம்பேட்டை பகுதியும். (குரோம்பேட்டை என்னும் பெயரே அங்கு இருந்த குரோம் தோல் நிறுவனத்தால் வந்தது.) மூன்றாவது, திண்டுக்கல். இவற்றுள் பாலாற்றுப் பகுதியே பெரியது. 1856 இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை இருப்புப்பாதை போடப்பட்டு, பின்னர் அது ஜோலார்பேட்டை வழியாக நீண்டதால், பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்துக்கு எளிதில் சென்றது. சென்னையின் பெரியமேடு தோல் வணிகத்தின் சந்தையானது. பாலாற்றின் மணலடி நீரும், சுற்றுக் காடுகளில் கிடைத்த ஆவாரம் பட்டையும், ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் வணிகர்களின் முதலீடும் இத்தொழிலை வளர்த்தன. உழைப்போ பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்களுடையது.

மக்கள் பேச்சில் தோல் ஷாப்பு எனப்படும் இக்கூடங்களில் வேலை நடந்த முறை பின்வருமாறு. உப்பிட்டு வந்த பச்சைத்தோலை முதலில் நீரில் ஊறவைத்துக் கழுவுவர். அடுத்து, மயிர் கழன்று வருவதற்காகச் சுண்ணாம்புக் குழியில் பல நாள் ஊறவைப்பர். நாள்தோறும் தோல்களை வெளியே இழுத்துப் புரட்டி மீண்டும் குழியில் இடவேண்டும். பின்னர் மரக்கட்டையின் மீது விரித்து, வளைந்த கத்தியால் மயிரையும் ஒட்டியுள்ள சதையையும் வழிப்பர். சுண்ணாம்பு நீங்கக் கழுவிய பின், ஆவாரம் பட்டை ஊறிய நீரில் வாரக்கணக்கில் போடுவர். இறுதியாகக் கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவி, நிழலில் உலர்த்துவர். இவ்வாறு பாதி முடிந்த தோல் கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரில் இலண்டன் சந்தைக்குச் சென்றது. காலணியாகவும் கைப்பையாகவும் மாறி இலாபம் பெருகியது அங்கேதான்.

இதில் மிகக் கொடியது சுண்ணாம்புக் குழி வேலை. சுண்ணாம்பு நீர் தோலின் மயிரை மட்டுமின்றி மனிதனின் தோலையும் அரிக்கும். கையுறையோ முழங்கால் காலணியோ இல்லாத அக்காலத்தில் தொழிலாளரின் விரலிடுக்குகளும் பாதங்களும் வெந்து புண்ணாயின. தோலைத் தொடும் வேலை தீட்டு எனக் கருதப்பட்டதால் அது ஒரு சில சாதியினர் மீதே சுமத்தப்பட்டது. சுமத்திய பின் அவ்வேலையைச் செய்வதையே காரணம் காட்டி அவர்கள் மீண்டும் விலக்கப்பட்டனர். தீண்டாமையைச் சமயச் சடங்காக மட்டும் அறிந்திருந்த அமெரிக்க வாசகர்களுக்கு, அது கூலியோடும் ஏற்றுமதியோடும் பின்னிய ஒன்று என்பதை இப்படங்கள் காட்டின. மார்கரெட்டின் இந்தியப் பணியில் இதுவே ஆழமான பகுதி எனலாம். காந்தி படத்தின் புகழ் இதை மறைத்துவிட்டது.

இக்குழந்தை உழைப்பு சட்டமில்லாத காரணத்தால் நடந்ததன்று. 1938 ஆம் ஆண்டுக் குழந்தைகள் வேலைவாய்ப்புச் சட்டத்தின் அட்டவணையில், பீடி சுற்றுதல், தீப்பெட்டி செய்தல் ஆகியவற்றோடு தோல் பதனிடுதலும் இடம்பெற்றிருந்தது. குறிப்பிட்ட வயதுக்குட்பட்ட குழந்தைகளை இத்தொழில்களின் பட்டறைகளில் அமர்த்துவது குற்றம். ஆயினும் எட்டு ஆண்டுகள் கழித்தும் படக்கருவியின் முன் குழந்தைகள் நின்றனர். வைசிராயின் அவையில் அம்பேத்கர் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, 1944 இல் அமைக்கப்பட்ட ரேகே தலைமையிலான தொழிலாளர் விசாரணைக் குழு, தோல் தொழிற்கூடங்களுக்கெனத் தனி அறிக்கையே 1946 இல் வெளியிட்டது. அதிகாரிகள் எண்களாலும் அட்டவணைகளாலும் பதிவு செய்துகொண்டிருந்த அதே நிலையை, அதே ஆண்டில், மார்கரெட் முகங்களாகப் பதிவு செய்தார்.

படங்களின் குறையும் சொல்லப்பட வேண்டும். காந்திக்கும் ஜின்னாவுக்கும் பெயர் உண்டு. தோல் கூடத்துச் சிறுவர்கள் தீண்டத்தகாத குழந்தை என்னும் பொதுச் சொல்லாலேயே படக்குறிப்புகளில் சுட்டப்படுகின்றனர். அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தனர், என்ன கூலி பெற்றனர், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக உழைத்தனரா என்பன போன்றவற்றைப் படங்கள் கூறுவதில்லை. அந்த இடைவெளியைத் தமிழில் இலக்கியமே ஓரளவு நிரப்பியது. திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வையும் அவர்கள் சங்கம் அமைத்துப் போராடியதையும் டி. செல்வராஜ் தோல் என்னும் புதினமாக எழுதினார். அதற்கு 2012 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

விடுதலைக்குப் பின் 1948 இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 24 ஆம் பிரிவு பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலைகளில் அமர்த்துவதைத் தடை செய்தது. 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகியவை ஆவாரம் பட்டையை விட்டுக் குரோமிய முறைக்கும், முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும், காலணி உற்பத்திக்கும் மாறின. ஆற்றுக்கும் கிணற்றுக்கும் கேடு வந்தது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல்லாகும். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

பிரிவினையும் காந்தியின் மறைவும்

1946 ஆகஸ்டில் கல்கத்தாவில் நடந்த கலவரத்தின் பின், பிணங்கள் கிடந்த தெருக்களையும் கூரைகளின் மேல் அமர்ந்திருந்த கழுகுகளையும் மார்கரெட் படமெடுத்தார். மீண்டும் 1947 செப்டம்பரில் வந்து, பஞ்சாபின் இருபுறமும் மாட்டுவண்டிகளிலும் கால்நடையாகவும் நகர்ந்த மக்கள் வெள்ளத்தைப் பின்தொடர்ந்தார். முதிய மனைவியைத் தோளில் சுமந்து செல்லும் சீக்கியர், கல்லறைகளுக்கிடையே களைத்துக் கிடக்கும் குடும்பங்கள், அகதி முகாமின் மதில் மேல் தலையைக் கையில் ஏந்தி அமர்ந்திருக்கும் சிறுவன் ஆகிய படங்கள் பிரிவினையின் அடையாளங்களாகிவிட்டன. குஷ்வந்த் சிங்கின் டிரெயின் டு பாகிஸ்தான் புதினத்தின் 2006 ஆம் ஆண்டுப் பதிப்பு இப்படங்களுடன் வெளிவந்தது.

1948 ஜனவரி 30 அன்று, கொல்லப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு காந்தி அளித்த நேர்காணல்களுள் ஒன்று மார்கரெட்டுக்கு அளித்ததாகும். அணுகுண்டைப் பற்றி அப்போது கேட்டார். அன்றிரவு காந்தியின் உடல் வைக்கப்பட்ட அறைக்குள் படக்கருவியை மறைத்து எடுத்துச் சென்று மின்வெட்டு விளக்குடன் படமெடுக்க முயன்றார். துயரத்தில் இருந்தோர் சினமுற்று அவரை வெளியேற்றினர். படச்சுருளும் வெளிச்சம் பட்டு வீணாயிற்று. அதே நாள்களில் டெல்லியில் இருந்த பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன், விளக்கில்லாமல், சிறிய கருவியுடன், யார் கண்ணிலும் உறுத்தாமல் எடுத்த படங்கள் உலகுக்குக் கிடைத்தன.

விமர்சனங்கள்

மார்கரெட்டின் பணிமுறை மீது வாழ்ந்த காலத்திலேயே கடும் விமர்சனங்கள் எழுந்தன. 1937 ஆம் ஆண்டு நூலில் உழவர்கள் பேசுவது போல அச்சிடப்பட்ட படக்குறிப்புகள் உண்மையில் அவர்கள் சொன்னவை அல்ல, நூலாசிரியர்களே எழுதியவை. இதனை அந்நூலிலேயே அவர்கள் வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தனர். எனினும் ஏழைகளின் வாயில் தம் சொற்களைத் திணித்தது பிழையென்றே பலர் கருதினர். அதே தென்மாநில உழவர்களைப் பற்றி ஜேம்ஸ் ஏஜியும் வாக்கர் எவன்சும் 1941 இல் வெளியிட்ட நூலில் மார்கரெட்டைப் பற்றிய செய்தித்தாள் கட்டுரை ஒன்று எள்ளலாகச் சேர்க்கப்பட்டது.

இந்தியாவிலும் இதே சிக்கல் இருந்தது. பெரிய கருவிகள், முக்காலி, மின்வெட்டு விளக்குகள், உதவியாளர்கள் என இவர் பணியாற்றியதால், படத்தில் இருப்போர் சொன்ன இடத்தில் நிற்கவேண்டியிருந்தது. பிரிவினை அகதிகளைப் படமெடுக்கும்போது, அச்சத்திலும் களைப்பிலும் இருந்த மக்களைத் திரும்பத் திரும்ப நடக்கச் செய்தார் என்று உடன் சென்ற லைஃப் செய்தியாளர் லீ ஐடிங்கன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். காந்தியும் இவரை வதைப்பவர் என வேடிக்கையாக அழைப்பதுண்டு. அகதிகளின் நிலையில் அதை வேடிக்கை எனக் கொள்வதற்கில்லை.

மறுபுறம், அப்படங்கள் இல்லையெனில் பிரிவினையின் மனிதத் துயரத்துக்கும் தோல் கூடங்களின் குழந்தை உழைப்புக்கும் நம்மிடம் உள்ள காட்சிச் சான்று மிகவும் குறைந்திருக்கும். அமெரிக்க வலதுசாரி இதழாளர்கள் இவரைப் பொதுவுடைமை ஆதரவாளர் எனத் தாக்கியதும், அந்நாட்டு உளவுத்துறை இவரைப் பற்றிய கோப்பு ஒன்றைப் பராமரித்ததும், இப்படங்கள் வசதியானோருக்கு உவப்பாக இல்லை என்பதற்குச் சான்று.

தென்னாப்பிரிக்காவும் கொரியாவும்

1949–50 இல் தென்னாப்பிரிக்கா சென்ற மார்கரெட், ஜோகானஸ்பர்க் தங்கச் சுரங்கத்தில் தரைக்கு மிக ஆழத்தில், வியர்வை வழிய நிற்கும் இரு கறுப்பினத் தொழிலாளரைப் படமெடுத்தார். சுரங்க நிர்வாகம் அவர்களைப் பெயரால் அன்றி எண்களாலேயே அறிந்திருந்தது. இவர் தன் படங்களுள் மிகவும் விரும்பியவற்றில் இதுவும் ஒன்று. 1952 இல் கொரியாவில், மலைகளில் ஒளிந்து போரிட்ட கெரில்லா இளைஞன் ஒருவன் சரணடைந்து, இறந்துவிட்டதாக எண்ணிய தாயிடம் திரும்பும் நிகழ்வைத் தொடராகப் பதிவு செய்தார். போர்க்களத்தை விட்டு ஒரு குடும்பத்தின் முற்றத்துக்கு வந்த படத்தொடர் இது.

நோயும் இறுதிக்காலமும்

கொரியாவிலிருந்து திரும்பிய காலத்தில் கைகால்களில் தளர்ச்சி தோன்றியது. அது பார்க்கின்சன் நோய் எனக் கண்டறியப்பட்டது. கனமான கருவிகளைத் தூக்கிக்கொண்டு கூரைகளிலும் பாலங்களிலும் ஏறியவருக்கு, படச்சுருளை மாற்றுவதே கடினமாயிற்று. விரல்கள் இறுகிவிடாதிருக்கக் காகிதத்தைக் கசக்கியும், துணி பிழிந்தும் நாள்தோறும் பயிற்சி செய்தார். 1959 இலும் 1961 இலும் மூளையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். முதல் அறுவையை லைஃப் இதழின் சக கலைஞர் ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டேட் படமெடுக்க, அவை அவ்விதழில் வெளியாகின. வாழ்நாள் முழுதும் பிறரது துன்பத்தின் முன் கருவியை நிறுத்தியவர், தன் நோயின் முன்னும் அதனை அனுமதித்தார்.

1963 இல் போர்ட்ரெய்ட் ஆஃப் மைசெல்ஃப் என்னும் தன்வரலாற்று நூலை வெளியிட்டார். 1969 இல் லைஃப் பணியிலிருந்து முறையாக ஓய்வு பெற்றார். கனெக்டிகட் மாநிலத்தின் டேரியனில் வாழ்ந்துவந்த இவர் 1971 ஆகஸ்ட் 27 அன்று ஸ்டாம்ஃபோர்டு நகரில் காலமானார். ரிச்சர்ட் ஆட்டன்பரோவின் காந்தி (1982) திரைப்படத்தில் இவரது வேடத்தை நடிகை கேண்டிஸ் பெர்கன் ஏற்றார்.

இவரது கடிதங்களும் படங்களும் அடங்கிய பெருந்தொகுப்பு சிராக்கூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. லைஃப் இதழின் படக்களஞ்சியம் 2008 இல் கூகுள் வழியாக இணையத்தில் வெளியிடப்பட்டபோது, அதுவரை அச்சேறாத ஏராளமான இந்தியப் படங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. அவற்றுள் சென்னைத் தோல் கூடங்களின் படங்களும் அடங்கும்.